மனு எங்கே போய் நிற்கிறது?

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு எல்லை கிடையாது. காலையில் பேரருவி, அடுத்து ஐந்தருவி, பொழுது சாய்வதற்குள் பழைய குற்றாலம் என்று வேன் பிடித்துச் சுற்றுகிற குடும்பத்துக்கு எல்லாமே ஒரே ஊர்தான்.

அரசாங்கக் கணக்கு வேறு. பேரருவி இருப்பது குற்றாலம் பேரூராட்சியில். பழைய குற்றாலமோ ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லைக்குள் வருகிறது. பேரூராட்சி என்றால் நகராட்சி நிர்வாகத் துறை. ஊராட்சி என்றால் ஊரக வளர்ச்சித் துறை. தலைமை அலுவலகம் முதல் கடைசி ஊழியர் வரை இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள். அருவிக்கு மேலே இருக்கும் காடு வனத்துறையுடையது. கோயில் அறநிலையத் துறையின் கீழ் வருகிறது. வாய்க்காலும் கட்டுமானமும் என்று வந்தால் பொதுப்பணித் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்துகொள்ளும். வந்துபோகும் சாலைக்கு இன்னொரு துறை.

பழைய குற்றாலத்தில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது, பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் சொல்வது? வெளியூர்க்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. உள்ளூர்க்காரரே இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அருவி யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது. வனத்துறையிடம் போகக் கூடாது என்று விவசாயிகளும் உள்ளூர் மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இயற்கையான நீரோடைகளைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைப்பதாக எழுந்த புகாரும் இதே வட்டாரத்தில் கிளம்பியதுதான். அது கடைசியில் பொதுநல வழக்காக மாறியது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு உத்தரவு போட்டது. ஓடையைத் திருப்பியது யார் என்று கேட்க, நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் புகார் சொல்லும் வழிகளை அரசு ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

கிராமப்புறத்துக்கென்றே வந்த வழி, ‘ஊராட்சி மணி’. தமிழ்நாடு அரசின் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை 2023 செப்டம்பரில் இந்த அழைப்பு மையத்தைத் தொடங்கியது. எண் 155340. குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, வீட்டு வரி ரசீது கிடைக்கவில்லை என்று எதுவானாலும் ஊராட்சி சம்பந்தப்பட்டதாக இருந்தால் போதும். போனில் சொன்னால் பதிவு செய்து, உரிய மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை நினைவூட்டும் பெயர்.

தென்காசி மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்கள், 221 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க என்றால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே எண் என்பது, எழுதத் தெரியாத, ஸ்மார்ட்போன் இல்லாத ஒருவருக்குப் பெரிய வசதி. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பீடி சுற்றிக்கொண்டே ஒரு பெண் பேசிப் பதிவு செய்துவிடலாம். யூனியன் ஆபீஸுக்குப் போய்ப் பாதி நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

தூரம் இங்கே பழைய துயரம். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை செங்கோட்டைக்காரரும் சிவகிரிக்காரரும் கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலி கொக்கிரகுளம்தான் போக வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி, ஆபீஸ் வாசலில் பத்து ரூபாய் இருபது ரூபாய் கொடுத்து மனு எழுதி வாங்கி, வரிசையில் நின்று, கலெக்டர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டோடு திரும்ப வேண்டும். மாவட்டம் பிரிந்ததில் பயணம் குறைந்தது. போன் எண் வந்ததில் பயணமே இல்லாமல் போனது.

ஆனால் மனு எங்கே போகிறது?

மேலே போனது கீழே வரும்

தமிழ்நாட்டில் புகார் சொல்ல வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. முதலமைச்சரின் தனிப்பிரிவு பல காலமாக இருக்கிறது. 2016 ஜனவரியில் 1100 என்ற எண்ணில் அம்மா அழைப்பு மையம் வந்தது. 2021-ல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்ற பெயரில் தேர்தல் காலத்தில் வாங்கிய மனுக்களுக்கெனத் தனித் துறை அமைந்தது. அதே ஆண்டில் தனிப்பிரிவு, 1100 உதவி மையம் எல்லாவற்றையும் இணைத்து ‘முதல்வரின் முகவரி’ துறை உருவானது. 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’ முகாம்கள் நகரங்களில் தொடங்கின. 2024 ஜூலையில் அவை கிராமங்களுக்கு வந்தன. 2024 ஜனவரி முதல் ‘உங்களைத் தேடி உங்கள் ஊரில்’ என்று கலெக்டரே ஒரு தாலுகாவுக்கு வந்து தங்கினார். 2025 ஜூலை 15-ல் ‘உங்களுடன் ஸ்டாலின்’ தொடங்கியது. அதற்குத் திட்டமிட்ட 10,000 முகாம்களில் 6,232 ஊரகப் பகுதிகளுக்கு. 15 துறைகளின் 46 சேவைகள், 45 நாளில் தீர்வு என்று உறுதி சொன்னார்கள். மின்சாரத்துக்கு 2021-ல் வந்த ‘மின்னகம்’ தனி. ஒன்றிய அரசின் பொதுக்குறை தீர்வுத் தளம் 2007-லிருந்து இயங்குகிறது. அதன் கெடு 2024-ல் 21 நாளாகக் குறைக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவே ஆண்டுதோறும் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தியும் நடக்கிறது.

எந்த வாசலில் நுழைந்தாலும், ஊராட்சிப் புகார் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

கீழப்பாவூர் ஒன்றியத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் நான்கு நாளாகத் தெருவிளக்கு எரியவில்லை. ஒருவர் 1100-க்குப் பேசுகிறார். எண்ணோடு எஸ்.எம்.எஸ். வருகிறது. புகார் துறைக்குப் போய், மாவட்டத்துக்கு இறங்கி, அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலரின் கணக்கில் விழுகிறது. பிடிஓ ஆபீஸில் அதைத் திறந்து பார்ப்பவர் ஊராட்சிச் செயலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஊரில் ‘கிளார்க்’ என்று அழைக்கப்படும் அந்தச் செயலருக்கு விளக்கு எரியாதது முதல் நாளே தெரியும். அவரும் அதே தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். பல்பு வாங்கக் கணக்கில் பணம் இருந்திருந்தால் அப்போதே மாட்டியிருப்பார்.

அவருக்கு இருக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், வேலை உறுதித் திட்டத்தின் பதிவேடு, வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள், தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள், கிராம சபைத் தீர்மானம் என்று எல்லாம் ஒற்றை ஆள் தலையில். இவற்றோடு, மேலிருந்து வரும் ஒவ்வொரு புகாருக்கும் கெடு முடிவதற்குள் பதில் ஏற்ற வேண்டும். கெடு தாண்டினால் மாவட்ட அளவிலான ஆய்வுக் கூட்டத்தில் அந்த ஒன்றியத்தின் பெயர் அடிபடும். அதனால் பதில் தவறாமல் ஏறிவிடும். ‘நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்றோ, ‘நிதிநிலைக்கேற்ப முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்’ என்றோ ஒரு வரி. புகார் முடிந்த கணக்கில் சேரும். தெரு இருட்டாகவே இருக்கும்.

கணினி சொன்னதைச் செய்கிறது. எத்தனை நாளில் பதில் வந்தது என்று அளக்கச் சொன்னார்கள், அளக்கிறது. விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை.

காசிதர்மம்

மனு கீழே இறங்குவதன் மிகக் கொடிய விலையை இந்த மாவட்டம் அறியும். கடையநல்லூர் பக்கத்துக் காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், கந்துவட்டிக் கொடுமையைப் பற்றி நெல்லைக் கலெக்டர் ஆபீஸில் பலமுறை மனு கொடுத்தார். மனு மேலே வாங்கப்பட்டு, கீழே உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. எந்த ஊரில் நியாயம் கிடைக்காமல் கலெக்டரிடம் போனாரோ, அந்த ஊருக்கே மனு திரும்பி வந்தது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளன்று, மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் அதே அலுவலக வளாகத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார்; நால்வரும் இறந்தார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது.

அது ஊராட்சிப் புகார் இல்லை. ஆனாலும் புகார் மேலாண்மை பற்றிப் பேசுகிற எவரும் காசிதர்மத்தைத் தாண்டிப் போக முடியாது. இன்றைய தளங்கள் அன்று இருந்திருந்தால் அந்த மனு இன்னும் வேகமாக அதே காவல் நிலையத்துக்குப் போயிருக்கும். முதல் மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால்தான் ஏதாவது மாறியிருக்கும். ஒரே ஆள், ஒரே குறை, மறுபடியும் மறுபடியும் வருகிறார் என்றால் அந்தக் கோப்பு அடுத்த நிமிடமே சிவப்பாக வேண்டும். கீழே அனுப்பாமல் மேலேயே ஒருவர் அவரை உட்காரவைத்துப் பேச வேண்டும். இன்றைய மென்பொருளுக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. ஒரே கைப்பேசி எண்ணிலிருந்து மூன்றாவது முறை வரும் புகாரைத் தனியாகக் காட்ட எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவையில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் ஒரு மாற்றம் வந்தது. திங்கட்கிழமைகளில் மனுவோடு வருபவர்களின் பைகளைப் போலீஸார் சோதிக்கிறார்கள். உயிரைக் காக்க அது தேவைதான். மனு போகும் பாதையிலும் அதே அக்கறையோடு ஒரு சோதனை வைத்திருக்க வேண்டும்.

டிஜிட்டலால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்ட் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்தன. படம் பரவியதும் ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. காகிதம் ஆற்றோடு போகலாம், அலமாரியில் மட்கலாம், கறையான் தின்னலாம். பதிவெண் போட்டுக் கணினியில் ஏறிய மனுவை அப்படித் தொலைக்க முடியாது. யார் கையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்பதற்கு அழியாத சாட்சி இருக்கும். ஏழைக்கு அந்தச் சாட்சி பெரிய சொத்து. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும், நீதிமன்றம் போகவும் அதுவே முதல் ஆவணம்.

பணம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 110-வது பிரிவு கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலை பராமரிப்பு, பொது இடங்களில் விளக்கு, வடிகால், தெருச் சுத்தம், குடிநீர், சுடுகாடு இடுகாடு என்று நீளும் பட்டியல் அது. ஊராட்சிக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இதற்குள்தான் அடங்கும். கடமை தெளிவாக இருக்கிறது. பணம் அப்படி இல்லை.

15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் என்ற இரண்டுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதம்தான் உள்ளூர் தேவைக்கு. மாநில நிதிக்குழு மானியத்திலிருந்து மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான கட்டணமும் போக வேண்டும். கிராமங்களில் வீட்டு வரி குறைவு. ஆக, குடிநீர்க் குழாய்க்கென்று வந்த பணம் கணக்கில் கிடக்கும்போதே, தெருவிளக்குக்குப் பணம் இல்லை என்று ஒரு தலைவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். புகார் கொடுத்தவருக்கு இது தெரியாது. அவர் கையில் இருக்கும் எஸ்.எம்.எஸ்.ஸும் இதைச் சொல்லாது.

புகார் தளம் ஒரு பக்கம், ஊராட்சிகளின் வரவு செலவைக் காட்டும் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளம் இன்னொரு பக்கம். 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று எவரும் பார்க்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மோட்டார் காயில் எரிந்து ஊரே தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது என்ற புகாரும், அதே ஊராட்சியின் குடிநீர்க் கணக்கில் செலவாகாமல் கிடக்கும் தொகையும் ஒரே திரையில் தெரிந்தால், ‘நிதி இல்லை’ என்ற பதிலை அவ்வளவு எளிதாக எழுத முடியாது. நிஜமாகவே பணம் இல்லாத ஊராட்சியும் அதைக் காட்டி மேலே கேட்கலாம். செயலருக்கும் தலைவருக்கும்கூட அது நன்மை.

தென்காசி நகரத்தை ஒட்டிய குத்துக்கல்வலசை போன்ற ஊராட்சிகளைப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரியும். பெயரளவில் கிராமம், வீட்டுமனைகளும் கடைகளும் வளர்ந்த வேகத்தில் நகரத்தின் தொடர்ச்சி. வடிகாலும் குப்பையும் நகரத்து அளவுக்குச் சேர, ஆளும் பணமும் கிராமத்து அளவிலேயே நிற்கின்றன. மேற்கே வடகரை, மேக்கரைப் பக்கம் போனால் பிரச்சினை வேறு. யானை இறங்கித் தென்னையையும் நெல்லையும் அழிக்கிறது. விவசாயி முதலில் ஓடுவது உள்ளூர்த் தலைவரிடம்தான். இழப்பீடு கொடுப்பது வனத்துறை; வாழையும் தென்னையும் எத்தனை என்று கணக்கிட இன்னும் சில துறைகள். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் கனிமவள லாரிகளால் சாலை நொறுங்குகிறது என்ற புகாரும் இதே மாதிரி. சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். லாரி போக்குவரத்துத் துறைக்குப் போகும். கல் கனிமவளத் துறைக்கு. பதிவின்போது ஒரு துறையைத்தான் தேர்வு செய்ய முடியும் என்றால், அந்தப் புகார் பிறக்கும்போதே அரைகுறையாகிவிடுகிறது. ‘இது எங்கள் துறை சார்ந்ததல்ல’ என்ற பதிலோடு பல மனுக்கள் முடித்துவைக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. எங்கள் துறை இல்லையென்றால் எந்தத் துறை என்று தேடிக் கொண்டுசேர்க்கும் வேலையும் அரசுடையதுதான். அதை மக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

யார் முடித்துவைப்பது?

கிராமத்துப் புகாரைக் கணினியில் ஏற்றும் முயற்சி இந்தியாவில் கால் நூற்றாண்டு பழையது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 2000 ஜனவரியில் ‘ஞானதூத்’ தொடங்கியது. கிராமத்துத் தகவல் மையத்தில் உட்கார்ந்து, கைப்பம்பு ஓடவில்லை என்று மாவட்டத் தலைநகருக்குப் புகார் அனுப்பலாம். அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் பரிசு வாங்கியது. அடுத்த ஆண்டு நம் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு இணைய மையங்கள் வந்தன. உலகமே வந்து பார்த்துப் பாராட்டியது. ஆனால் தாரில் மக்களின் ஆர்வம் ஓரிரு ஆண்டிலேயே வடிந்தது. கம்பியும் கணினியும் கிராமத்துக்கு வந்தன. பம்பைச் சரிசெய்யும் ஆள் அதே பழைய ஆள்தான்.

பீகார் வேறு வழியில் போனது. 2015-ல் பொதுக்குறை தீர்வு உரிமைச் சட்டம் கொண்டுவந்து, 2016 ஜூன் 5 முதல் நடைமுறைப்படுத்தியது. குறையைத் தீர்க்க வேண்டிய துறையிடமே அதை விசாரிக்க விடவில்லை என்பதுதான் அதன் சிறப்பு. குறைதீர்வு அலுவலர் என்று தனியாக ஒருவர் இருப்பார். புகார் கொடுத்தவரையும் பதில் சொல்ல வேண்டிய அலுவலரையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிப்பார். 60 வேலை நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக உத்தரவு வர வேண்டும். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் மேல்முறையீடு. அலட்சியம் காட்டும் அலுவலருக்கு அபராதம். கூலிக்காரரும் அதிகாரியும் சமமாக உட்காரும் அந்த அறை, எந்தச் செயலியையும் விடப் பெரிய கண்டுபிடிப்பு. தமிழ்நாட்டில் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் குரல் எழுகிறது. அப்படி ஒன்று எழுதப்படும்போது பீகாரின் அந்த அறையை மறக்கக் கூடாது.

பிரிட்டனில் ‘மைசொசைட்டி’ என்ற அமைப்பு 2007-ல் தொடங்கிய ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ தளத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே சாலைக்குழி பற்றிய புகார் வரைபடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஏறும். நான்கு வாரம் கழித்து, புகார் கொடுத்தவரிடமே ‘சரியாகிவிட்டதா’ என்று தளம் கேட்கும். இங்கே நம் புகார் நமக்கு மட்டும் தெரியும் ரகசியம். கடையம் ஒன்றியத்தில் ஒரே தெருவில் முப்பது பேர் தனித்தனியாகத் தண்ணீருக்குப் புகார் கொடுத்தாலும், முப்பது பேருக்கும் தனித்தனி எண்கள்தான். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டிருக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஊர்ப்பிரச்சினை முப்பது தனியாட்களின் முணுமுணுப்பாகச் சிதறிவிடுகிறது.

எல்லாவற்றையும் பெயரோடு வெளியிடச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. ஆயிரம் வீடு இருக்கும் ஊரில், பிரசிடென்ட் மேல் புகார் கொடுத்தது யார் என்று மாலைக்குள் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். கொடுத்தவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவராகவோ, தனியாக வாழும் பெண்ணாகவோ இருந்தால் அதன் விளைவு விளக்கோடு முடியாது. புகாரை விசாரிக்க வரும் ஊழியர் கொடுத்தவரின் கைப்பேசி எண்ணோடு வருகிற நிலையில், பலர் வாய் திறப்பதே இல்லை. குறை வெளியே தெரிய வேண்டும். குறை சொன்னவரின் பெயர் தெரியக் கூடாது. தெருவும், தேதியும், என்ன குறை என்பதும் போதும்.

அதை எங்கே வெளியிடுவது? இணையத்தில் என்று சொல்லிவிடலாம். அதைவிடப் பொருத்தமான இடம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்கிறார்கள். அதோடு சேர்த்து 155340, 1100, முகாம், கலெக்டர் ஆபீஸ் என்று எந்த வழியாக வந்திருந்தாலும், அந்த ஊராட்சியைப் பற்றிய புகார்ப் பட்டியல் முழுவதையும் படிக்கட்டும். முடிந்தது என்று கணினியில் எழுதப்பட்டவற்றை ஊர் ஒப்புக்கொண்டால் மட்டும் முடியட்டும். மேலத்தெரு விளக்கு எரிகிறது என்று செயலர் படிக்கும்போது, மேலத்தெருக்காரர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை விட நல்ல தணிக்கையாளரை எந்த டெண்டரிலும் எடுக்க முடியாது. இதற்குப் புதிய செயலி வேண்டாம், புதிய அழைப்பு மையம் வேண்டாம். இருக்கும் தரவை ஊராட்சி வாரியாக அச்செடுத்துக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லும் ஓர் அரசாணை போதும்.

தென்காசியில் இதைத் தொடங்க ஒரு தனிக் காரணம் உண்டு. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிப்பின் காரணமாகத் தென்காசி, திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. மற்ற மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்துவிட்டார்கள். கிராம ஊராட்சிகளுக்கு அந்தத் தனி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர்தான்.

ஊராட்சி சரியாக வேலை செய்யவில்லை என்றால் யாரிடம் புகார் இறங்குமோ, அவரே ஊராட்சியாகவும் ஆகிவிடுகிறார். தலைவரைப் பற்றிய குறை பிடிஓவுக்குப் போகும் என்ற பாதி ஏணியும் அங்கே இல்லை. தன் மேல் வந்த புகாரைத் தானே படித்து, தானே பதில் எழுதி, தானே முடித்துவைக்கும் நிலை. மக்கள் கேள்வி கேட்கவும், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லவும் ஊரில் ஒரு முகம் இல்லை.

தென்காசியின் 221 ஊராட்சிகளில் 2021-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு நிறைவடைகிறது. தேர்தல் தள்ளிப்போனால் இங்கேயும் தனி அலுவலர்கள் வருவார்கள். அதற்கு முந்தைய கிராம சபைகளில், நிலுவையில் இருப்பதும் முடிந்ததாகச் சொல்லப்படுவதுமான எல்லாப் புகார்களையும் தெரு வாரியாகப் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், அடுத்து யார் வந்தாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். ஆயிரப்பேரியின் புத்தகத்தில் அந்த உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாளும் ஏறட்டும். வனத்துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சிக்கும் நடுவே அது யாருடைய வேலை என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கலெக்டர் ஏற்கட்டும். முடிவை, கேட்ட பெண்ணுக்குத் தேதி போட்டு எழுத்தில் கொடுக்கட்டும்.